கண்ணுக்கும் கைக்கும் இடையே

(முள்ளிவாய்க்காலில், கைத்தொழில் செய்வோரும் தொழிற்பயிற்சி முடித்த இளையோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது ஒரு சின்னச் சாமானைப் பற்றி. இதோ என் கையில் இருக்கிறது. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டி, முன்னால் தூக்கவும் இறக்கவும் கூடிய ஒரு மறைப்பு, அதற்குள் இரண்டு வில்லைகள். கடையில் இதை 'ஹெட் லென்ஸ்' என்று சொல்லி விற்கிறார்கள். நான் தலைக்கண்ணாடி என்று சொல்லிப் பழகிவிட்டேன். போன் திருத்துகிற பிள்ளைகள், நகை வேலை செய்கிறவர்கள், மணிக்கூடு பார்க்கிறவர்கள், ஆரி வேலை செய்கிற தங்கச்சிமார், வலை பொத்துகிற ஐயாமார், இந்த மண்டபத்தில் இருக்கிற பாதிப்பேருக்கு இது இன்றைக்கோ நாளைக்கோ தேவைப்படும். தேவைப்படுகிற அன்றைக்குப் பிழையானதை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் வந்தேன்.

பிழையானதை வாங்குவது சின்ன விஷயம் இல்லை. என்னிடம் தொழில் பழகிய ஒரு தம்பி, பத்து மடங்கு பெருப்பிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்த ஒன்றைக் காசு சேர்த்து வாங்கினான். இரண்டு நாள் போட்டான். மூன்றாம் நாள் தலையிடி, கழுத்து நோ, கண்ணால் தண்ணீர். "மாஸ்ரர், எனக்குக் கண் பழுதாகிவிட்டது போல, இந்தத் தொழில் எனக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டு மேசன் வேலைக்குப் போகப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஒரு பிழையான கண்ணாடி நல்ல கையுள்ள ஒருவனைத் தொழிலை விட்டே துரத்தப் பார்த்தது.

கடைக்குப் போனால் எல்லோரும் கேட்கிற முதற் கேள்வி, "இது எத்தனை மடங்கு பெருப்பிக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வியை விடுங்கள். "இதைப் போட்டுக்கொண்டால் என்னுடைய முகம் வேலைக்கு எத்தனை அங்குலம் தள்ளி நிற்கும்?" என்று கேளுங்கள். இன்று நான் சொல்லப்போவது முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

நான் மணிக்கூட்டு வேலை பழகியது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில், ஒரு சின்னக் கடையில். பக்கத்தில் எல்லாம் நகைக்கடை. கன்னாதிட்டிப் பக்கம் போனால் காலையில் இருந்து தட்டுகிற சத்தம் கேட்கும். என் குரு கண்ணில் இடுக்கிக்கொள்கிற ஒற்றைக் கண்ணாடி வைத்திருந்தார். நெற்றித் தசையால் பிடித்துக்கொண்டு மணித்தியாலக் கணக்கில் வேலை செய்வார். அவரிடம் மூன்று இருந்தன. அவற்றை எடுத்துத் தரச் சொல்லும்போது மடங்குக் கணக்கே சொல்லமாட்டார். "தம்பி, மூன்றங்குலத்தை எடு. நாலங்குலத்தை எடு" என்பார். அந்தக் காலத்து மணிக்கூட்டுக் கண்ணாடிகளில் பொறித்திருந்ததும் அங்குலம்தான். மூன்றங்குலம் என்றால் மூன்று மடங்கு சொச்சம் பெருப்பிக்கும். இரண்டங்குலம் என்றால் ஐந்து மடங்கு. பத்தை அங்குலத்தால் வகுத்தால் மடங்கு வந்துவிடும். ஆனால் வேலைக்காரனுக்கு முதலில் வேண்டியது அங்குலம். சாவணமும் திருப்புளியும் அந்த அங்குலத்துக்குள்தான் நுழைந்து வேலை செய்யவேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். பிறகு வன்னிக்கு வந்து புதுக்குடியிருப்பில் கடை போட்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் அருமை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அந்த வானொலிகளைத் திருத்தினவன் நான். ஒற்றைக் கண்ணாடி உடைந்தபோது இன்னொன்று வாங்க வழியில்லை. பழுதாய்ப்போன ஒரு கமராவின் 50 மில்லிமீற்றர் வில்லையைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன். ஐந்து மடங்கு காட்டும். தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. ஆனால் வேலை அதன் முகத்தோடு ஒட்டி நிற்கவேண்டும். பற்றாசி கொண்டுபோனால் வில்லையில் புகை படியும். பார்ப்பதற்கு அருமையான கண்ணாடி, கைபோட்டு வேலை செய்ய உதவாத கண்ணாடி. பார்க்கிற கண்ணாடி வேறு, வேலை செய்கிற கண்ணாடி வேறு என்பது அப்போது எனக்குப் பாதி விளங்கியது. மீதியை இந்த மண்ணில்தான் படித்தேன்.

2009 ஏப்ரல் கடைசி, போரின் இறுதிக் கட்டம். மாத்தளனை விட்டு, வலைஞர்மடத்தை விட்டு, இந்த மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பங்கர் வெட்டியிருந்தோம். கூறைச் சேலைகளைத் தைத்து மண்மூட்டை கட்டிய பங்கர். என் தொழில் ஆயுதப்பெட்டியில் மிஞ்சி இருந்தது இரண்டு சாவணம், ஒரு ஒற்றைக் கண்ணாடி, கொஞ்சம் ஈயம். பக்கத்துப் பங்கரில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு முகத்தில் பொடிப்பொடியாய்ச் செல் துண்டுகள் ஏறிவிட்டன. கண்ணிமையின் விளிம்பில் மூன்று. பாடசாலைக் கட்டடத்தில் இயங்கிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகிற நிலைமை அப்போது இல்லை. போனாலும், கை போனவர்களும் கால் போனவர்களும் கிடக்கிற இடத்தில் பொடித்துண்டு எடுக்க யாருக்கு நேரம்? முதலுதவி பழகிய ஒரு தங்கச்சி எங்களோடு இருந்தாள். நான் என் ஒற்றைக் கண்ணாடியையும் சாவணத்தையும் கொதிநீரில் போட்டு எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அந்தக் கண்ணாடி பத்து மடங்கு. அதன் தூரம் ஒரு அங்குலம். அவள் குனிந்தாள், மூக்கும் மூக்கும் முட்டியது. பிள்ளை பயந்து தலையை ஆட்டியது. நான் பிடித்த ரோச் வெளிச்சத்தை அவளுடைய தலையே மறைத்தது. கண்ணாடிக்கும் இமைக்கும் நடுவில் சாவணம் நுழைய இடமே இல்லை. துண்டு மலை போலத் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. "அண்ணை, தெரியுது, ஆனா கை போகுதில்லை" என்றாள்.

நான் என்னுடைய வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அது இரண்டு பவர். போதவில்லை. அடுத்த பங்கரில் இருந்த வயோதிப ஐயா ஒருவர் தன்னுடையதைத் தந்தார். அது மூன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அவளுடைய மூக்கில் ஏற்றி, தையல் நூலால் காதோடு கட்டிவிட்டேன். அவள் ஒரு சாண் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் உள்ளே போனது. சாவணம் போனது. பிள்ளை அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடந்தது. பத்து நிமிடத்தில் மூன்றையும் எடுத்தாள்.

பத்து மடங்கால் முடியாததை இரண்டு மடங்கு சொச்சம் செய்து முடித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கண்ணாடி பார்த்துவிட்டேன். இதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒற்றைக் கண்ணாடியை அவளிடமே விட்டுவிட்டேன். பிறகு அவளை நான் காணவில்லை.

இனி அந்த இரண்டு கண்ணாடிக்குள் இருந்த கணக்கைச் சொல்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் என்று சொல்வது டயொப்டர் என்ற அளவு. நூறை அந்த எண்ணால் வகுத்தால் தெளிவாகத் தெரிகிற தூரம் சென்ரிமீற்றரில் வரும். இரண்டு பவர் என்றால் 50 சென்ரிமீற்றர். நாலு என்றால் 25. ஐந்து என்றால் 20, எட்டு அங்குலம். பத்து என்றால் 10 சென்ரிமீற்றர், வெறும் நாலு அங்குலம். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் பவர்கள் கூடும். இரண்டும் மூன்றும் ஐந்து. பங்கருக்குள் அந்தத் தங்கச்சிக்குக் கிடைத்தது அந்த எட்டு அங்குலம்தான்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் டொனெகன் என்ற நிறுவனம் ஒப்டிவைசர் என்ற பெயரில் தலைக்கண்ணாடி செய்கிறது. உலகம் முழுக்க நகை வேலைக்காரர் வைத்திருப்பது. இன்றைக்குச் சந்தையில் கிடைக்கிற பலவற்றுக்கும் உருவம் அதைப் பார்த்து வந்ததுதான். அதன் வில்லைத் தட்டுகளுக்கு 2, 3, 4, 5, 7, 10 என்று இலக்கம் போட்டிருக்கும். அந்த இலக்கம் கிட்டத்தட்ட டயொப்டரேதான். 2ஆம் இலக்கம் ஒன்றரை மடங்கு, 20 அங்குலம். 3ஆம் இலக்கம் ஒன்றே முக்கால் மடங்கு, 14 அங்குலம். 4 என்றால் இரண்டு மடங்கு, 10 அங்குலம். 5 என்றால் இரண்டரை மடங்கு, 8 அங்குலம். 7க்கு 6 அங்குலம். 10க்கு மூன்றரை மடங்கு, 4 அங்குலம். இலக்கம் ஏற ஏறத் தூரம் எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்கலாம்.

மடங்கை நம்பவேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மடங்கைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. ஒரு சிலர் டயொப்டரை நாலால் வகுத்து அப்படியே போடுவார்கள். வேறு சிலர் நாலால் வகுத்து ஒன்றைக் கூட்டிப் போடுவார்கள். நாலு டயொப்டர் வில்லை ஒரு பெட்டியில் ஒரு மடங்கு, இன்னொரு பெட்டியில் இரண்டு மடங்கு. வில்லை ஒன்றேதான். மலிவுப் பெட்டிகளில் அச்சடித்திருக்கிற மடங்கு இந்த இரண்டு கணக்குக்கும் ஒத்துவராமல் இருப்பதையும் கண்டிருக்கிறேன். அங்குலத்தை யாரும் கூட்டிச் சொல்ல முடியாது. அடிமட்டம் வைத்து நீங்களே அளக்கலாம்.

சரி, எந்த வேலைக்கு எந்தத் தூரம்? வேலையைப் பாருங்கள், அதுவே சொல்லும். வலை பொத்துகிற ஐயா இரண்டு கையையும் விரித்து, ஊசியை இழுத்து வேலை செய்கிறார். அவருக்கு முழங்கைகள் விரிய இடம் வேண்டும். 2ஆம் இலக்கத்துக்கு மேல் போகத் தேவையே இல்லை. ஆரிச் சட்டத்தில் முத்துக் கோர்க்கிற பிள்ளைக்கு 3 போதும். நகை வேலைக்காரருக்கு நெருப்பு இருக்கிறது. சங்கிலிக் கண்ணிக்குப் பற்று வைக்கும்போது ஊதுகுழலின் நுனியில் சுவாலை நிற்கும். நாலு அங்குலத்தில் முகத்தை வைத்தால் கண்மயிர் கருகும். அவர்களுக்கு 4, மிஞ்சினால் 5. கல் பதிக்கும்போது மட்டும் 7ஐ எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

போன் திருத்துகிறவர்களுக்கு ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவேண்டும். போனின் மின்சுற்றுத் தட்டில் இருக்கிற சின்னப் பாகங்கள் ஒரு மில்லிமீற்றர் நீளம், அரை மில்லிமீற்றர் அகலம். இன்னும் சின்னதும் உண்டு, 0.6க்கு 0.3. சார்ஜ் ஏற்றுகிற வாயை மாற்றவும், அறுந்த கம்பியைப் பிடிக்கவும் தலைக்கண்ணாடி 5 போதும். சிப் தூக்கி வைக்கிற வேலைக்கு எந்தத் தலைக்கண்ணாடியும் போதாது. அதற்கு மேசையில் நிற்கிற இரட்டைக்கண் நுணுக்குக்காட்டிதான் வேண்டும். தலைக்கண்ணாடியில் மேலும் மேலும் பெருப்பித்து நுணுக்குக்காட்டியின் வேலையை வாங்கலாம் என்று நினைத்துத்தான் முதலில் சொன்ன அந்தத் தம்பி ஏமாந்தான். நாலு அங்குலத்துக்கு உள்ளே இரண்டு கண்ணும் ஒரு புள்ளியைப் பார்க்கவேண்டும் என்றால், கருவிழிகள் இரண்டும் மூக்கை நோக்கி அளவுக்கு மீறித் திரும்பவேண்டும். அதுதான் தலையிடி. அந்தத் தூரத்தில் தெளிவின் ஆழமும் குறைவு. மூச்சு விட்டால் தலை அசையும், அசைந்தால் மங்கும். அதுதான் கண்ணீர். கழுத்து நோவுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

"மருத்துவர்கள் மூக்குக்கண்ணாடியில் சின்னக் குழாய்கள் பொருத்தி, ஒரு முழம் தள்ளி நின்று சத்திரசிகிச்சை செய்கிறார்களே, அது எப்படி?" என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. நல்ல கேள்வி. அந்தக் குழாய்கள் சின்னத் தொலைநோக்கிகள். பெருப்பிப்பையும் தூரத்தையும் ஒன்றாகத் தருவது அதுதான். கண் இரண்டுக்கும் இடையிலான தூரம் அளந்து, ஆளுக்கு ஏற்றபடி செய்வார்கள். விலை எங்களுக்கு எட்டாது. பல் வைத்தியர் ஆகிற பிள்ளை ஒன்று இங்கிருந்து வந்தால் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுப்போம்.

இனி நான் சொல்லப்போவதை வேறு எந்த ஊர்க் கடைக்காரரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். இந்த ஊரில் கண்ணாடி வாங்குகிறவர்களின் உடம்பு வேறு.

என்னிடம் பழகிய ஒரு பிள்ளைக்கு இடது முழங்கைக்குக் கீழே இல்லை. அவள் போன் திருத்துகிறாள். கையில் பிடிக்கிற பூதக்கண்ணாடி அவளுக்கு உதவுமா? இருக்கிற ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்தால் பற்றாசியை யார் பிடிப்பது? இரண்டு கையும் உள்ளவர்களுக்குத் தலைக்கண்ணாடி ஒரு வசதி. அவளுக்கு அது காணாமற்போன கை. தட்டை மேசையில் கவ்விப் பிடிக்கிற ஒரு பிடி, தலையில் ஒரு கண்ணாடி, வலது கையில் பற்றாசி. வேலை நடக்கிறது. ஆனால் முதலில் வாங்கிய கண்ணாடியில் பின்பக்கம் வார் இழுத்துக் கொளுவுகிற பூட்டு. அதை இறுக்க இரண்டு கை வேண்டும். ஒவ்வொரு நாளும் தங்கையைக் கூப்பிட்டு மாட்டிக்கொண்டாள். பிறகு பின்னால் திருகு குமிழ் உள்ள ஒன்றைத் தேடிக் கொடுத்தோம். ஒரு கையால் மாட்டி, அதே கையால் இறுக்கி, மறைப்பையும் இறக்கிவிடுகிறாள். கையில் குறையுள்ளவர்கள் வாங்கும்போது பூட்டைப் பாருங்கள். வில்லையைவிட அது முக்கியம்.

ஒரு கண் போனவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! அவர்கள் இரட்டை வில்லைக்கு வீணாகக் காசு கொடுக்கவேண்டாம். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் கொளுவுகிற ஒற்றை வில்லை போதும். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாது என்பதால், பெருப்பிப்பைக் கூட்டினால் ஊசி நுனி எங்கே நிற்கிறது என்பது பிடிபடாது. ஒரு படி குறைத்தே எடுங்கள். சாவண நுனியை முதலில் மேசையில் தொட்டு, பிறகு வேலைக்கு நகர்த்துங்கள். கை தூரத்தைப் படித்துக்கொள்ளும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தலைக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. அறுந்த கம்பித் துண்டும் தெறிக்கிற ஈயமும் பக்கத்தாலும் கீழாலும் வரும். மிஞ்சி இருக்கிற அந்த ஒரு கண்ணுக்கு, உள்ளே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வேலைக்கு இருக்கவே கூடாது.

தலையிலோ கழுத்திலோ பீஸ், அதாவது செல் துண்டு, உள்ளவர்கள் இருக்கிறீர்கள். மருத்துவர்கள் எடுக்கவேண்டாம் என்று விட்டது, எடுக்க முடியாமல் விட்டது. தலைப்பட்டி அந்த இடத்தில் அழுத்தினால் ஒரு மணித்தியாலத்தில் விண்விண் என்று வலிக்கும். அவர்களுக்குப் பட்டியே வேண்டாம், மூக்குக்கண்ணாடியில் கொளுவுகிற வகை பாரம் குறைவு. அதுவும் ஒத்துவராவிட்டால், மேசையில் பூட்டுகிற, வளைகிற கையுள்ள பெரிய வில்லை விளக்கு இருக்கிறது. தலையில் ஒரு கிராம்கூட ஏறாது. தலைக்கண்ணாடி எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல நான் வரவில்லை.

வெளிச்சத்துக்கு வருகிறேன். தெரியவில்லை என்றதும் பெரிய வில்லை தேடுகிறோம். முதலில் விளக்கைக் கூட்டிப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும். சுருங்கினால் கண் தானாகவே கூர்மையாகும், தெளிவின் ஆழமும் கூடும். நாற்பது தாண்டினால் வருகிற வெள்ளெழுத்துக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். வெயிலில் வாசிக்க முடிந்த மாத்திரைப் பெட்டி எழுத்தை விளக்கடியில் வாசிக்க முடியாது. தலைக்கண்ணாடியில் வருகிற சின்ன எல்.இ.டி. லைற் நேரே அடிக்கும். வெடிப்பும் கீறலும் நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும். ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள், ஈயத்தில் மயிரிழை வெடிப்பு நிழலோடு எழுந்து நிற்கும். தங்கம் பளபளத்துக் கண்ணைக் கூசவைத்தால் விளக்கின் முன் ஒரு வெள்ளைத்தாளைக் கட்டிவிடுங்கள். லைற் உள்ள தலைக்கண்ணாடி வாங்கினால் அது என்ன பற்றரி கேட்கிறது என்று பாருங்கள். பொத்தான் பற்றரிக்கு முல்லைத்தீவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் அலைய நேரும். போன் சார்ஜரில் ஏற்றக்கூடியது எங்களுக்கு நல்லது.

வில்லை பிளாஸ்ரிக்கா கண்ணாடியா? பிளாஸ்ரிக் பாரம் குறைவு, விலை குறைவு, கீறல் விழும். கண்ணாடி பாரம் கூட, நெடுநாள் உழைக்கும். எங்கள் ஊர் கடற்கரை மணல் ஊர். காற்றோடு மணலும் உப்பும் வரும். சேலைத் தலைப்பால், சாரத்து நுனியால் வில்லையைத் துடைக்காதீர்கள். துடைப்பது மணலை வைத்துத் தேய்ப்பதுதான். முதலில் சுத்தமான தண்ணீரை ஓடவிடுங்கள், ஒரு துளி சவர்க்காரம் விட்டு விரலால் மெல்லத் தடவுங்கள், மறுபடி கழுவி மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். போன் தட்டுக் கழுவுகிற தின்னரை வில்லைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒரு பிள்ளை தின்னர் நனைந்த விரலால் வில்லையைத் தொட்டது. அந்த இடம் பால் ஊற்றியது போல வெளுத்துப்போய், கண்ணாடியையே எறியவேண்டி வந்தது. வேலை முடிந்ததும் வெயில் விழுகிற மேசையிலோ யன்னலிலோ வைத்துவிட்டுப் போகாதீர்கள். இது குவிவு வில்லை. சூரியனைக் குவித்து நெருப்பு வைக்கும். ஓலைக் கொட்டில்களில் இன்னும் தொழில் செய்கிறோம் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

வாங்குவதற்கு முன் கடையில் செய்யவேண்டிய பரிசோதனை ஒன்று சொல்கிறேன். ஒரு வரைபுத்தாளும் ஒரு அடிமட்டமும் கொண்டுபோங்கள். தலைக்கண்ணாடியை மாட்டி வரைபுத்தாளைப் பாருங்கள். நடுவில் கோடுகள் நேராக இருக்கும், எல்லாக் கண்ணாடியிலும் அப்படித்தான். ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் கோடு வில்லாக வளைந்தால், கோட்டின் விளிம்பில் நீலமும் சிவப்பும் கசிந்தால், அந்த வில்லை நாள் முழுக்க வேலை செய்ய உதவாது. ஒரு கண்ணை மூடி மற்றதால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே தெளிவு வேண்டும். உங்கள் சிம் அட்டையில் இருக்கிற சின்ன எண்களை வாசியுங்கள். வாசிக்கும்போது ஒருவரைக் கொண்டு கண்ணுக்கும் அட்டைக்கும் உள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளப்பியுங்கள். அந்தத் தூரத்துக்குள் உங்கள் ஆயுதத்தைப் பிடித்துக் கையை ஆட்டிப் பாருங்கள். ஆயுதம் வில்லையில் முட்டினால் கழற்றி வைத்துவிடுங்கள். முட்டாவிட்டால் ஐந்து நிமிடம் கழற்றாமல் இருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்கவேண்டும். வாசிப்புக் கண்ணாடிக்கு மேல் தலைக்கண்ணாடியை மாட்டினால் பவர் கூடித் தூரம் சுருங்கிவிடும். இரண்டு பவர் வாசிப்புக் கண்ணாடிக்கு மேல் 5ஆம் இலக்கம் மாட்டினால் அது ஏழு. எட்டு அங்குலம் என்று வாங்கியது ஐந்தரை அங்குலத்தில் வந்து நிற்கும். தூரத்தில் உள்ளதைப் பார்க்கப் போடுகிற கண்ணாடி இருந்தால் அதன் மேல் மாட்டுங்கள், கணக்கு மாறாது.

வேலைக்குக் குனியாதீர்கள், வேலையை உங்களிடம் தூக்குங்கள். மேசையின் மேல் ஒரு பலகைப் பெட்டி வைத்து உயர்த்தினால் போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மறைப்பைத் தூக்கிவிட்டு, இருபது அடிக்கு அப்பால் எதையாவது இருபது விநாடி பாருங்கள். எங்களுக்குக் கண்ணாரப் பார்க்க நந்திக்கடல் இருக்கிறது, இந்தப் பக்கம் பெருங்கடல் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. தலைக்கண்ணாடி வாங்குவதற்கு முன், கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சீனி ஏறி இறங்கப் பார்வையும் மாறும். வெண்புரை இருந்தால் எந்த வில்லையும் அதை ஊடுருவாது, பெரிதாக மங்கும், அவ்வளவுதான். 2009க்குப் பிறகு ஒருமுறைகூடக் கண்ணைக் காட்டாதவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கண்ணருகே காயப்பட்டவர்கள் கட்டாயம் போகவேண்டும். தனியாகப் போகப் பஞ்சியாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். ஓட்டோக் காசு குறையும்.

பின்னால் இருக்கிற மேசையில் 2ஆம் இலக்கத்தில் இருந்து 10 வரை ஆறு தட்டும், இரண்டு வகைப் பட்டியும், ஒரு கொளுவு வில்லையும் வைத்திருக்கிறேன். இருட்டும் வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். வீட்டுக்குப் போய் நீங்கள் செய்துகொண்டிருக்கிற வேலையையும் அதற்கான ஆயுதத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அறுந்த சங்கிலி என்றாலும் சரி, கிழிந்த வலை என்றாலும் சரி. அடிமட்டம் என்னிடம் இருக்கிறது.